தொட்டுப் பார்க்கக் கூடாதாம்

எங்க ஊர்ல சேலை எடுக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? அருப்புக்கோட்டை நெசவு ஊர். கடைக்குள்ள போய் உட்கார்ந்தா முப்பது சேலையை மடிப்புக் கலைச்சு விரிச்சுப் போடுவாங்க. எங்க அத்தை முந்தியைத் தடவுவாங்க, கரையைத் திருப்பிப் பார்ப்பாங்க, வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல நிறம் பார்ப்பாங்க. கடைசியில ஒண்ணும் பிடிக்கலைன்னு எழுந்தும் வந்துடுவாங்க. கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். 800 ரூபாய் சேலைக்கு இத்தனை மரியாதை.

28,000 ரூபாயை எடுத்துக்கிட்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனேன். கை நீட்டினதும் ஒரு பையன் ஓடி வந்தான். "சார், தொடாதீங்க. பில் போட்டாத்தான் கவரைப் பிரிப்போம்."

அதுவும் பக்கத்துத் தெருவிலயா? 50 கிலோமீட்டர் பஸ்ல போய், மதுரையில.

கிட்டாரெல்லாம் சுவத்துல எட்டாத உயரத்துல தொங்குது. "ஆம்ப்ல போட்டு ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கலாமா தம்பி?" ஆம்ப் குடோன்ல இருக்காம். "என்ன சார் வாசிப்பீங்க? லீடா? எல்லாம் ஒண்ணுதான் சார். கலர் மட்டும் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

கலர்! மெட்டல் லீட் வாசிக்கிறவனுக்குக் கலரா முக்கியம்? நெக் எவ்வளவு ஒல்லி, கட்டைவிரல் பின்னாடி எங்க உட்காருது, 24 ஃபிரெட் இருக்கா, கடைசி ஃபிரெட் வரைக்கும் கை தடையில்லாமப் போகுதா, உடம்போட நெக் சேர்ற இடம் உள்ளங்கையில இடிக்குதா... இதையெல்லாம் நான் கலரைப் பார்த்தா கண்டுபிடிக்கிறது? விரல் பலகை குறுக்குவாட்டுல லேசா வளைஞ்சிருக்கும். பழைய ஃபெண்டர் கிட்டார்கள்ல அந்த வளைவோட ஆரம் 7.25 அங்குலம். கோர்டு பிடிக்கச் சுகமா இருக்கும். ஆனா மேல் ஃபிரெட்டுல தந்தியை ஒரு முழு சுரம் ஏத்திப் பென்ட் பண்ணினா, வளைவோட முதுகுல உரசி சத்தம் செத்துடும். அதனாலதான் 1987-ல வந்த ஐபனெஸ் ஆர்ஜி மாதிரியான கிட்டார்கள்ல பலகை கிட்டத்தட்டத் தட்டையா, நெக் ஒல்லியா வந்துச்சு. வேகமா ஓடுற விரலுக்காகவே செஞ்சது. ஆனா எனக்குச் சேர்ற நெக் உங்களுக்குச் சேராது. கை அளவு வேற, விரல் நீளம் வேற. செருப்புக்கடையில கூட ரெண்டு ஜோடி போட்டு நடந்து பார்த்துத்தானே வாங்குறோம்?

அன்னிக்கு வெறுங்கையோட திரும்பினேன். அப்புறம் வழக்கமா எல்லாரும் செய்யிறதைத்தான் செஞ்சேன். ஆன்லைன்ல போட்டேன்.

பெட்டி வந்த நாளை மறக்க முடியாது. நல்ல கோடை. எங்க பக்கத்து மே மாசம் உங்களுக்குத் தெரியும். மதியத்துல காத்து அடிச்சா உதடு வெடிக்கும். ஈரக்காத்து உள்ள ஏதோ ஒரு நாட்டுல செஞ்ச கிட்டார், கப்பல்ல வந்து, லாரியில வந்து, இந்த வறண்ட காத்துல இறங்கியிருக்கு. பத்து நாள் சும்மா இருந்துச்சு. அப்புறம் நெக்கை மேலும் கீழும் தடவினா விரல் ஓரத்துல ரம்பம் மாதிரி கீறுது. என்னன்னு பார்த்தா, காஞ்சதுல மரம் சுருங்கிப்போச்சு. ஃபிரெட் கம்பி உலோகம், அது சுருங்குமா? ரெண்டு ஓரத்துலயும் முனை முனையா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. வித்தவங்களுக்கு போன் பண்ணினேன். "அது நார்மல் சார். அடுத்த மாடலுக்கு அப்கிரேட் பண்ணிக்குங்க. அதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிரெட்."

சுருங்கினது மரம். கம்பி ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன? அதுவும் இப்படித்தானே நீட்டிக்கிட்டு நிக்கும்? இது கிட்டார் விக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? பலகை மேல டேப் ஒட்டி, பொடி அரத்தை வெச்சு ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து நானே ராவினேன். ஒவ்வொரு முனையா, ரெண்டு பக்கமும் சேர்த்து 48 முனை.

ராவும்போது இன்னொண்ணு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பலகை ஈட்டி மரம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில விளையிற மரம். கிட்டார் உலகத்துல அதுக்குப் பேரே இந்தியன் ரோஸ்வுட். 2017-ல, அருகிவர்ற உயிரினங்களோட வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்துல அந்த மர வகை மொத்தத்துக்கும் கட்டுப்பாடு வந்து, வாத்தியக்காரங்க தவிச்சுப்போய், 2019-ல செஞ்சு முடிச்ச வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு வாங்கினாங்க. அவ்வளவு மதிப்பான மரம். இங்கிருந்து கப்பலேறிப் போய், எங்கேயோ கிட்டாராகி, இறக்குமதி வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து திரும்பி வருது. அதைத்தான் தொடக் கூடாதுங்கிறான் அந்தப் பையன்.

சரி, அடுத்தது இரைச்சல். இதைச் சொல்லலைன்னா எனக்கு ஆறாது.

என்னோட முதல் கிட்டார் இதுக்கும் முந்தினது. 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெட்டாலிகா வாசிச்சாங்களே, அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். திரும்பி வர்ற பஸ்லயே முடிவு பண்ணி, மறு வருஷம் வாங்கினது. அதுல தந்தி அதிர்வை மின்சாரமா மாத்துற பிக்கப், சிங்கிள் காயில் வகை. நம்ம கரன்ட் நொடிக்கு 50 சுற்று அலையுது. அந்த முனகலை ஒத்தைக் காயில் ஆன்டெனா மாதிரி பிடிச்சுக்கும். சாதாரணமா வாசிச்சா தெரியாது. மெட்டலுக்கு கெயினை ஏத்தினா தந்தி சத்தத்தை விட அந்த முனகல்தான் பெருசா வரும். கிப்சன் கம்பெனியில சேத் லவர்ங்கிற இன்ஜினியர் 1955-லயே இதுக்கு வழி கண்டுபிடிச்சார். ரெண்டு காயிலை எதிரெதிரா இணைச்சு, காந்தத்தையும் எதிரெதிரா வெச்சார். வெளியிலிருந்து வர்ற இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அழியும், தந்தியோட சத்தம் மட்டும் ஒண்ணுசேர்ந்து வரும். ஹம்பக்கர்னு பேர் வந்ததே அதனாலதான்.

அதனால புது கிட்டார்ல ஹம்பக்கர் இருக்கான்னு பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுல மாட்டி கெயினைத் திருப்பினா, ஊய்ய்ய்னு அதே முனகல். லேப்டாப்பையும் சேர்த்து மாட்டினா தந்தியைத் தொட்ட கை சுரீர்ங்குது.

கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில். பிக்கப்பை மாத்து. அதோட வந்தது சீப் பிக்கப், பிராண்ட் போடு. போட்டேன். கிட்டார் விலையில பாதி. முனகல் போகலை. கேபிளை மாத்து. மாத்தினேன். ப்ராசஸரை மாத்து, நாய்ஸ் கேட் வாங்கு. ஒருத்தராவது, "உன் வீட்டு பிளக் பாயின்ட்டைப் பார்த்தியா?"ன்னு கேட்டிருக்கணுமே? கேட்கலை. ஏன்னா பிளக் பாயின்ட்டை யாரும் பெட்டியில போட்டு விக்க முடியாது.

கடைசியில கண்டுபிடிச்சது யார் தெரியுமா? மோட்டாருக்குக் காயில் கட்டுற அண்ணன். கழட்டிப் போட்ட பழைய பிக்கப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு அந்தக் கம்பியைப் பார்த்தார். "ஏப்பா, தலைமுடி கனம்தானே இருக்கு! இதை ஆயிரக்கணக்குல சுத்தியிருக்கானே!" ரெண்டு நிமிஷம் ரசிச்சார். அப்புறம் மீட்டர் வெச்சார். "காயில் நல்லாத்தான் இருக்கு. எதுக்குக் கழட்டின?" முனகலைச் சொன்னேன். டெஸ்ட் லைட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டார். பிளக்ல பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வெச்சா பல்பு பளிச்சுன்னு எரியுது. பேஸுக்கும் எர்த்துக்கும் வெச்சா எரியவே இல்லை.

பின்பக்கம் போய் எர்த் குழியைப் பார்த்தார். மூடி உடைஞ்சு, உள்ள மண்ணு பாளமா வெடிச்சுக் கிடக்கு. "எத்தனை வருஷமாச்சு இதுல தண்ணி ஊத்தி?" யாரும் பதில் சொல்லலை. "வானம் பார்த்த பூமிப்பா இது. மண்ணு காஞ்சா எர்த்து எங்க நிக்கும்?"

கல் உப்பு ரெண்டு கிலோ, அடுக்கடுக்கா கரி. சீமைக்கருவேலங்கரிக்கு இந்தப் பக்கம் பஞ்சமா என்ன? மேல நாலு குடம் தண்ணி. குழியில துருப்பிடிச்சு விட்டுப்போயிருந்த வயரை மாத்திக் கட்டினார். சாயங்காலம் கெயினை முழுசா ஏத்தினேன். முக்கால்வாசி முனகல் போயிடுச்சு. கையில சுரீரும் இல்லை. செலவு 400 ரூபாய்க்குள்ள. அந்த அண்ணன் டீ மட்டும் குடிச்சிட்டுக் கிளம்பினார்.

பாதி கிட்டார் விலைக்கு நான் பிக்கப் மாத்தியிருக்கேன். வயிறு எரியுமா எரியாதா?

இது கிட்டாருக்கு மட்டும் வந்த கேடு இல்லை. மிக்ஸி நின்னா "மாத்திருங்க சார்". போன் சூடானா "மாத்திருங்க". எங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். வாய்ல சால்டரிங் கம்பியைக் கடிச்சுக்கிட்டே பேசுவார். அவர் கடை இருந்த இடத்துல இன்னிக்கு செல்போன் கவர் தொங்குது. விக்கிறதுக்குத் தெருவுக்குப் பத்துப் பேர். வித்ததைச் சரி பண்ண ஒரு கை இல்லை. புதுசா வர்ற எந்த கிட்டாரையும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் செட்டப் பண்ணணும். நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ராடைத் திருகணும், தந்தி உயரத்தைப் பார்க்கணும், 12-ஆவது ஃபிரெட்டுல சுரம் சேருதான்னு சரி பண்ணணும். ஒரு மணி நேர வேலை. நம்ம ஊர்ப் பையன் இதுக்கு எங்க போவான்? செட்டப் பண்ணாத நல்ல கிட்டாரை மட்டம்னு நினைச்சு அடுத்ததை வாங்குறான். அதுவும் செட்டப் ஆகாம வருது. அதுக்கும் மேல ஒண்ணு.

ஃப்ளாய்ட் ரோஸ் கதையும் இதேதான். லீட்னா ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் இருந்தே ஆகணும்னு என்னை நம்பவெச்சாங்க, நானும் நம்பி வாங்கினேன். ஃப்ளாய்ட் ரோஸ்ங்கிறவர் 1979-ல காப்புரிமை வாங்கின அமைப்பு அது. நட்டுலயும் பிரிட்ஜுலயும் தந்தியைப் பூட்டிடும். பிரிட்ஜுல மாட்டின கைப்பிடிக் கம்பியை எவ்வளவு அமுக்கி ஆட்டினாலும் சுருதி திரும்பி அதே இடத்துல வந்து நிக்கும். அருமையான வேலைதான், நான் குறை சொல்லலை. ஆனா பிரிட்ஜ் அந்தரத்துல நிக்குது. முன்பக்கம் ஆறு தந்தி இழுக்குது, பின்பக்கம் ஸ்பிரிங் இழுக்குது. ரெண்டு இழுவையும் ஒத்தாத்தான் சமநிலை. ஒரு தந்தி அறுந்தா ஸ்பிரிங் ஜெயிச்சிடும், மிச்சம் அஞ்சும் சுருதி ஏறிடும். தந்தி கனத்தை 9-லிருந்து 10-க்கு மாத்தினா பிரிட்ஜ் தூக்கிக்கும். ஆறாவது தந்தியை மட்டும் இறக்கி டிராப் டி வைக்கணும்னா மறுபடியும் முதல்லருந்து. இதை வித்தவர் ஒருத்தராவது சொன்னாரா?

காலேஜ் கல்ச்சுரல்ஸ் ஒண்ணுல, சோலோ நடுவுல, முதல் தந்தி அறுந்துச்சு. அடுத்த நொடி மொத்த கிட்டாரும் அபஸ்வரம். மேடையில நின்னுக்கிட்டு கையை எடுத்துட்டேன். வேற வழியில்லை. டிரம்ஸ்காரன் தனியா அடிச்சு முடிச்சான். அப்புறம் அந்த தந்தி செட்டுக்கு அலைஞ்சது தனிக்கதை. எங்க ஊர்க் கடையில அக்கூஸ்டிக் தந்திதான் கிடைக்கும். பார்சல் வர நாலு நாள்.

அந்த நாலு நாளும் கிட்டார் திண்ணையில முதுகு திறந்து கிடந்துச்சு. பெரியப்பா வந்து உட்கார்ந்தார். நாப்பது வருஷம் கைத்தறி நெஞ்சவர். கிட்டாரை அவர் வாழ்நாள்ல தொட்டது கிடையாது. ஸ்பிரிங்கைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், ஒத்தை விரலால ஒவ்வொரு தந்தியா அமுக்கிப் பார்த்தார். பாவு இழுவையைப் பார்க்கிற அதே விரல்.

"பாவுல ஒரு இழை அறுந்தா முடிச்சைப் போட்டு ஓட்டிடுவோம். உன் தறியில ஒரு இழை அறுந்தா மொத்தப் பாவும் ஏறுதே. பின்னாடி முட்டு எங்கடா?"

முட்டு இல்லை பெரியப்பா. அதுதான் விஷயமே. ஸ்பிரிங் தன் பக்கம் இழுக்காம நிறுத்த ஒரு தடை இல்லை. அவர் உள்ள போய் ஒரு பழைய நாடாவைக் கொண்டுவந்தார். தறியில ஓடி ஓடி கண்ணாடி மாதிரி வழுவழுன்னு தேஞ்ச கட்டை. அதுல ஒரு துண்டு அறுத்து, உப்புத்தாள்ல தேய்ச்சு, பிரிட்ஜ் கட்டைக்கும் கிட்டார் உடம்புக்கும் நடுவுல இடுக்கிப் பார்த்தார். கொஞ்சம் தடிமன். மறுபடியும் தேய்ச்சார். மூணாவது தடவை கச்சிதமா உட்கார்ந்துச்சு. தந்தி வந்ததும் மாட்டிப் பார்த்தோம். ஒண்ணைத் தளர்த்தினா மத்த அஞ்சும் அசையலை. சுருதியை மேல தூக்க முடியாது, கீழே இறக்க முடியும். எனக்கு அது போதும். ஆறு வருஷமாச்சு, அந்த நாடாக்கட்டை இன்னும் உள்ள இருக்கு.

இந்தக் கைகள் போனதுக்கப்புறம் யார்கிட்டப் போறது? அதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம்.

"நம்ம ஊருக்கு எதுக்குப்பா இந்த இரும்புச் சத்தம்?"னு சொந்தக்காரங்க கேப்பாங்க. இந்தச் சத்தம் பொறந்ததே நம்ம ஊர் மாதிரி ஒரு தொழிற்சாலை ஊர்லதான்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது? இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல தகடு அடிக்கிற பட்டறையில வேலை பார்த்த பதினேழு வயசுப் பையன் டோனி அயோமி. 1965-ல மெஷின்ல ரெண்டு விரல் நுனி போச்சு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டான். விரல் தாங்கணும்னு மெல்லிசுத் தந்தி போட்டான், பின்னாடி சுருதியையும் இறக்கினான். அவனோட பிளாக் சபாத் பேண்டோட அந்தக் கனத்த சத்தம் அப்படி வந்ததுதான். எங்க ஊர் மில்லுல விரல் போனவங்க எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை திருச்சுழியிலிருந்து ஒரு தம்பி வந்தான். பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். ஆறு மாசமா என்கிட்ட ஆல்டர்நேட் பிக்கிங் பழகுறான், நல்ல கை. அவன் அப்பா கரி மூட்டம் போடுறவர். இவனும் லீவுல மூட்டத்துக்குப் போய், கல்யாணப் பந்தியில பரிமாறிச் சேர்த்தது 23,000 ரூபாய். போனை நீட்டினான். ஏழு கிட்டார் பட்டியல். ஆக்டிவ் பிக்கப்பா பாசிவா, எந்த மரம், எத்தனை ஃபிரெட், எந்த நாட்டுல செஞ்சது, எல்லாம் மனப்பாடம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்பேரிசன் வீடியோ பார்த்திருக்கான், போன் ஸ்பீக்கர்ல. அந்த ஸ்பீக்கர்ல ஏழும் ஒரே சத்தமாத்தான் கேட்கும்.

"இதுல ஒண்ணையாவது கையில பிடிச்சிருக்கியாடா?"

"இல்லண்ணே."

அந்தப் பதில் என்னை என்னமோ பண்ணிடுச்சு. போனை வாங்கிக் கவுத்து வெச்சேன். பிரிட்ஜ் அசையாத வகையா எடுடா. ரெண்டு ஹம்பக்கர் போதும். மொத்தக் காசையும் கிட்டார்லயே கொட்டாதே. தந்தி நாலு செட், நல்ல கேபிள், ஒரு ஆலன் கீ செட்டுக்கு ரெண்டாயிரத்தைத் தனியா எடுத்து வை. கடையில முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே தந்தியில அமுக்கு. நடுவுல ஏழாவது ஃபிரெட்டுப் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற சந்து தெரியணும். தந்தி பலகையில படுத்துக்கிட்டாலும் வேண்டாம், சந்து பெருசா இருந்தாலும் கேள்வி கேளு. முதல் தந்தியில 15-லிருந்து மேல ஒவ்வொரு ஃபிரெட்டா பென்ட் பண்ணு. எங்க சத்தம் சாகுதுன்னு காது சொல்லும். உட்கார்ந்து வாசி, வாரை மாட்டி நின்னும் வாசி. தலைப்பக்கம் கீழ சாயுதான்னு பாரு. நெக்கோட ரெண்டு ஓரத்தையும் மெதுவாத் தடவு, எங்கயாவது கீறுதா பாரு.

நோட்டுல எல்லாத்தையும் எழுதிக்கிட்டான். என் கிட்டாரை மடியில எடுத்து வெச்சு, சொன்னபடி ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்தான். முதுகு மூடியைத் திறந்து நாடாக்கட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தான். அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் காலையில வெள்ளன மதுரைக்குப் போறதுன்னு பேச்சு. என் ப்ராசஸரையும் ஹெட்போனையும் கொண்டுபோனா ஆம்ப் இல்லைன்னு அவங்க சொல்ல முடியாது.

வாசல்ல செருப்பை மாட்டினவன் நின்னு திரும்பினான். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். பில் போட்டாத்தான் கவரைப் பிரிப்பாங்களாமே?"